மூன்றாம் எண் குடுவை

கேப்டன் மாடிப்படி ஏறி வந்தபோது, ஒரு காலி பாட்டிலைப் பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் படுக்கவைத்து ஏந்தியிருந்தார்.

"பழைய பாட்டில் எடுக்கறவர் பக்கத்துச் சந்து சார்," என்றான் ஃப்ளாஷ்.

சொல்லி முடித்த பிறகுதான் வந்தவரின் கண்களைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஃப்ளாஷுக்குப் பிழைப்பு கீழ்த்தளத்துப் போட்டோ ஸ்டூடியோ. மனசு முழுக்க மாடியில். மாடியில்தான் அவனுடைய அக்கா புருஷன் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் அவருக்கு நிதானம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. யோசிக்கும் முன்பே பளிச்சென்று வாயைத் திறந்துவிடும் மச்சினனுக்கு ஃப்ளாஷ் என்று பெயர் வைத்தது அவர்தான்.

"உக்காருங்க," என்றார் நிதானம். "பாட்டிலை மேஜை மேல வைக்கலாம். உருளாது."

கேப்டன் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார். ஆயுசு பூராவும் கப்பல் ஓட்டிவிட்டுப் போன வருஷம்தான் கரையில் இறங்கியவர். குரல் மட்டும் இன்னும் காற்றோடு போட்டி போடுவதுபோல் உரக்க வந்தது.

"இது போர்ட் ஒயின் சார். நான் பொறந்த வருஷத்துது. எங்கப்பா வாங்கி வச்சார். நீ வேலையை விட்டுட்டு நிம்மதியா உக்காரும்போது திறந்துக்கோடான்னு சொல்லிட்டுச் செத்துப்போனார்."

"நல்ல அப்பா," என்றான் ஃப்ளாஷ்.

"நல்ல அப்பாவா? மொடாக்குடிகாரர். எங்கம்மா வளையல்லருந்து அண்டா குண்டா வரைக்கும் எல்லாம் அந்தத் தொண்டைக்குள்ளதான் போச்சு. ஆனா இந்த ஒரு பாட்டிலை மட்டும் தொடமாட்டேன், இது உன்னோடதுன்னு சொல்வார். கை நடுங்கும். அலமாரியையே வெறிச்சுப் பார்ப்பார். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துப்பார். அந்த மனுஷன் ஆயுசுல காப்பாத்துன ஒரே வாக்கு சார் இது. இது ஒண்ணை வச்சுத்தான் நான் அவரை அப்பான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"போன ஞாயித்துக்கிழமை திறந்தோம். உள்ள இருந்தது புது ஒயின். எந்தக் கடையிலயும் கிடைக்கற மலிவுச் சரக்கு."

ஃப்ளாஷ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

கேப்டன் சொன்னது இதுதான். சிநேகிதர்கள் நாலு பேர் வருஷத்துக்கு ஒருமுறை கூடி, ஆளுக்கொரு பழைய போர்ட் கொண்டுவந்து ருசி பார்ப்பது வழக்கம். கேப்டன், பல் டாக்டரம்மா, வக்கீல், அப்புறம் மூக்கர். ஏற்பாடெல்லாம் மூக்கர் வீட்டில், மூக்கர் கையால். தேயிலைக் கம்பெனியில் அவர் தலைமை ருசி நிபுணர். ஒரு வாய் டீயை உறிஞ்சினால் எந்தச் சரிவில் எந்தப் பருவத்தில் பறித்த இலை என்று சொல்லிவிடுவாராம். கேப்டனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்.

"ரெண்டு நாள் முன்னாடியே பாட்டிலை அவன் வீட்டுல கொண்டுபோய் வச்சுட்டேன். கசடு அடங்கணும் இல்லையா."

"ரெண்டு நாள் அந்த வீட்டிலயா!" ஃப்ளாஷ் தொடையில் தட்டினான். "அத்தான், கதை முடிஞ்சுது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மாப்ளே," என்றார் நிதானம். பாட்டிலின் ஒரு பக்கம் பட்டிருந்த வெள்ளைப் பெயிண்டைக் காட்டினார். "இது என்னங்க, கை தவறிப் பட்டதா?"

"வேணும்னே வைக்கறது. பாட்டிலைப் படுக்கப்போடும்போது இந்தப் பொட்டு எப்பவும் மேல பார்க்கணும். வருஷம் போகப்போக ஒயினோட சாயம் கசடா இறங்கி, அடிப்பக்கம் கறுப்புப் படலமா ஒட்டிக்கும். இடம் மாத்தினாலும் பொட்டைப் பார்த்து அதே பக்கமாப் படுக்கவைப்போம். சாயம் இறங்க இறங்க ஒயின் வெளுத்துடும். என் வயசு ஒயின் செங்கல் தண்ணி நிறத்துக்கு வந்திருக்கணும்."

"வந்திருந்ததா?"

"மை மாதிரி இருந்துச்சு சார். ஆனா அதையும் கடைசியிலதான் பார்த்தோம். மூக்கனோட சட்டம் அப்படி. கறுப்புக் கோப்பையிலதான் குடிக்கணும். நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சா அது கண்ணோட கெட்டிக்காரத்தனமாம், மூக்கோடது இல்லையாம்."

ஊற்றி வைப்பதிலும் மூக்கருக்கு ஒரு முறை இருந்தது. உள்ளே இருப்பது தெரியாதபடி, ஒரே அச்சில் செய்த ஐந்து கறுப்புக் கண்ணாடிக் குடுவைகள். ஐந்தாவதில் சாதாரணப் புது போர்ட்டை ஊற்றி, அதில் கொஞ்சம் எடுத்து மற்ற நாலையும் அலசுவார். அலசியதும் அந்த ஐந்தாவதிலேயே திரும்பிச் சேரும். பிறகு நாலு பழைய ஒயின்களையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில், துணியில் வடிகட்டி, ஆளுக்கொரு குடுவையில் இறக்குவார். எண் அட்டையைக் கடைசியில்தான் கழுத்தில் கட்டுவார். எது யாருடையது என்று முகர்ந்து பார்த்தே கட்டுவார்.

"ஊத்தும்போதே கட்டிட வேண்டியதுதானே?" என்றான் ஃப்ளாஷ்.

"நாங்களும் கேட்டோம். 'அட்டையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கற ஆளாடா நான்?'னு சிரிப்பான். அவ்வளவு திமிர். அது நியாயமான திமிர்தான் சார், ஒருதடவைகூடத் தப்பினதில்லை." கேப்டன் பாட்டிலைத் தடவினார். "ஞாயித்துக்கிழமை மூணாம் எண் என்னோடது. முதல்ல மூக்கன்தான் முகர்ந்தான். காய்ஞ்ச அத்திப்பழம், வாதுமை, பழைய மரப்பெட்டின்னு புகழ ஆரம்பிச்சான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நடுவுல டாக்டரம்மா, 'இது புதுசுல்ல?'ன்னாங்க. வெள்ளைக் கோப்பையில ஊத்திப் பார்த்தோம். மை."

"மூக்கர் என்ன சொன்னார்?"

"'எனக்கு வந்த பாட்டில்ல இருந்ததைத்தான் ஊத்தினேன்'னான். என் முகத்தைப் பார்க்கலை. வக்கீல் சிரிச்சான் சார். 'உங்கப்பா ஒருநாள் தாகத்துல குடிச்சுட்டு, கடைச்சரக்கை ஊத்தி மூடி வச்சிருப்பாரு, விடுங்க கேப்டன்'னான். நான் பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப மூக்கர் முதல்ல புகழ்ந்தது?"

"எனக்காகத்தான். சிநேகிதன் மானத்தைக் காப்பாத்தப் பார்த்திருக்கான்."

ஃப்ளாஷ் தலையாட்டினான். அப்படித்தான் அவனுக்கும் பட்டது.

"எனக்கு யாரையும் பிடிச்சுக் குடுக்க வேண்டாம் சார். எங்கப்பா குடிச்சாரா, இல்லையா? அது மட்டும் தெரியணும். தூக்கம் வரமாட்டேங்குது."

நிதானம் பாட்டிலைக் கேட்டு வாங்கி, பொட்டு மேலே இருக்கும்படி பிடித்து டார்ச் அடித்தார். ஃப்ளாஷும் தலையை நுழைத்துப் பார்த்தான். பொட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், கழுத்திலிருந்து அடிவரை, உள்ளே கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. நிதானம் விரலால் கண்ணாடியைச் சுண்டினார். படலம் அசையவில்லை.

"ரெண்டு நாள் பாட்டில் என்கிட்ட இருக்கட்டும்," என்றார்.

மூக்கர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. கேப்டன் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடியது.

"அண்ணன் எப்படி இருக்காரு? சாப்பிடறாரா? இவரைப் போய்ப் பாருங்கன்னா, வாயே திறக்க மாட்டேங்கறாரு. உள்ள வாங்க. அடுப்புல பால் வச்சிருக்கேன், டீ போடறேன்."

ஒயின் வடிக்கும் சிறிய அறையை அவரே காட்டினார். ஜன்னலில் கனத்த திரை. பளிங்குத் திண்டின் மேல் ஐந்து குடுவைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எது எது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது.

"அன்னிக்கு யாராவது உள்ள வந்தாங்களா?" என்றார் நிதானம்.

"வரவே முடியாதே. சாவி இவர்கிட்ட. ஊத்தி முடிச்சுட்டுக் குளிக்கப் போவாரு, அப்ப மட்டும் என்கிட்ட குடுப்பாரு. நான் சிந்தினதைத் துடைச்சு, குடுவைகளை வரிசையா நிறுத்திட்டு வந்துடுவேன். வருஷா வருஷம் அதான். வந்து முகர்ந்து பார்த்து அட்டை கட்டுவாரு. அட்டை இல்லாதது என்கிட்ட வந்துடும். பேரிக்காய் வேகவைக்க."

"அந்த அலசின ஒயின்ல?"

"ஆமா. கிராம்பு, பட்டை, சர்க்கரை போட்டுக் கொதிக்கவிடுவேன். சும்மா ரத்தச் சிவப்பா வரும். இந்த வருஷம்தான் என்னமோ, நிறமே ஏறல. பழுப்படிச்சுப் போச்சு. நல்லவேளை, சண்டையில ஒருத்தரும் தொடலை. மறுநாள் கொட்டிட்டேன்."

பேச்சு சுவாரசியத்தில் பாலை மறந்துவிட்ட அந்த அம்மா திடுக்கிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

மூக்கர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, நேர்த்தியான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை.

"கேப்டனுக்கு மனசு உடைஞ்சிருக்கு," என்றார் நிதானம்.

"தெரியும்."

"பாட்டிலைத் திறந்தப்போ உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"வடிகட்டறப்போ கவனம் முழுக்கக் கசட்டு மேல இருக்கும்." ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "அவங்கப்பாவைப் பத்தி ஊருக்கே தெரியும். நான் என்ன சொல்றது?"

டீ வந்தது. ஃப்ளாஷ் ஒரு வாய் வைத்துவிட்டு, துப்ப இடம் தேடினான். பால் அடிப்பிடித்து, கருகல் வாடை மூக்கில் ஏறியது. நிதானம் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய், மெதுவாகக் கீழே வைத்தார். மூக்கர் மட்டும் ஆற அமரக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை.

"நல்லாருக்கும்மா," என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா பூரித்துப்போனார். "பாருங்க! கல்யாணமான நாள்லருந்து இது தீஞ்சுது, அது ஊசிப்போச்சுன்னு ஒரே குத்தம்தான். ஒரு தாளிப்பு வாசனை கூடக் குறைய ஆகக்கூடாது. இப்ப கொஞ்ச நாளா எது வச்சாலும் நல்லாருக்குங்கறாரு. மனுஷன் கனிஞ்சுட்டாரு."

மூக்கர் நிதானத்தைப் பார்த்தார். நிதானம் மூக்கரைப் பார்த்தார். இரண்டு பேருமே சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டதை ஃப்ளாஷ் கவனித்தான். அர்த்தம் மட்டும் புரியவில்லை.

தெருவில் இறங்கியதும் பிடித்துக்கொண்டான். "வக்கீல்தான் அத்தான். நோ டவுட். பழியை உடனே செத்தவர் மேல போட்டான் பாருங்க. இல்லைன்னா டாக்டரம்மா. மூக்கருக்கே பிடிபடாதது அவங்களுக்கு எப்படிப் பிடிபட்டுது?"

"நல்ல கேள்வி," என்றார் நிதானம்.

"அப்ப டாக்டரம்மாதானா?"

"கேள்வி நல்ல கேள்வின்னேன். டீ குடிச்சியா?"

"எங்க குடிக்க? மூக்கைப் பொத்திக்கிட்டாத்தான் உள்ள இறங்கும் அது."

நிதானம் நின்றுவிட்டார். "ஆமா," என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "இந்தக் கேஸை நான் எடுத்திருக்கவே கூடாது மாப்ளே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் அதே சாப்பாட்டு அறையில் கூடினார்கள். கேப்டன் வாசற்பக்க நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடுபவர்போல் உட்கார்ந்திருந்தார். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு குடிகாரர் குடிச்ச ஒயினுக்குப் பஞ்சாயத்தா?" என்றார் வக்கீல்.

"அவர் குடிக்கலை," என்றார் நிதானம்.

கேப்டனின் தலை நிமிர்ந்தது.

நிதானம் பாட்டிலை மேஜையில் படுக்கவைத்தார். "வெள்ளைப் பொட்டு மேல. நேர் கீழே கசடு, ஒரு கீறல் இல்லாம. பாட்டிலைக் காலி பண்ணி, புதுச் சரக்கை ஊத்தியிருந்தா இந்தப் படலம் கலைஞ்சு பிய்ஞ்சு போயிருக்கும். புது ஒயின் இப்படி ஒண்ணை உண்டாக்க இன்னொரு ஆயுசு வேணும். அன்னிக்கு இந்த பாட்டில்லருந்து வெளிய வந்தது அப்பா வாங்கி வச்ச அதே ஒயின்தான்."

"அப்புறம் என் கோப்பைக்கு எப்படிப் புதுசு வந்தது?" என்றார் டாக்டரம்மா.

"அந்த அறையில புது ஒயின் ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அலசறதுக்கு வச்ச அஞ்சாவது குடுவை. அது மூணாம் எண் அட்டையோட மேஜைக்கு வந்துடுச்சு. அப்ப கேப்டனோடது எங்க போயிருக்கும்?" மூக்கரின் மனைவியைப் பார்த்தார். "பேரிக்காய்க்கு இந்த வருஷம் நிறமே ஏறலைன்னு சொன்னீங்களேம்மா."

அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஐயோ. அண்ணே… அதுலயா?"

"உங்க மேல தப்பில்லை. நீங்க ஒவ்வொரு வருஷமும் குடுவைகளை இடம் மாத்தித்தான் வச்சிருக்கீங்க. ஒரு வருஷமும் குழப்பம் வந்ததில்லை."

"ஏன்னா இவர் முகர்ந்து பார்த்துல்ல கட்டுவார்?" என்ற வக்கீல், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஃப்ளாஷுக்கு இப்போதுதான் புரிந்தது. கருகிய டீ. கடைசிச் சொட்டுவரை. எது வைத்தாலும் நல்லாருக்கு. புது ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு அத்திப்பழம், வாதுமை என்று ஒப்பித்த வாய். வழக்கமாக இந்த இடத்தில் துள்ளிக் குதித்து நான்தான் முதலில் சொல்வேன் என்பான். இன்று நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

நிதானம் மூக்கரைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு ஒன்றுதான் அவரால் கொடுக்க முடிந்த மரியாதை.

மூக்கர் மேஜை விரிப்பை இரண்டு விரலால் நீவிவிட்டார்.

"மழைக்காலத்துல ஒரு ஜுரம் வந்தது," என்றார். "ஜுரம் போச்சு. வாசனை திரும்பி வரலை. சோப்பு, மண்ணெண்ணெய், எதுவும் இல்லை. கம்பெனியில இன்னும் தெரியாது. நிறத்தையும் நாக்குல படற துவர்ப்பையும் வச்சு ஒப்பேத்திக்கிட்டிருக்கேன். அன்னிக்கு குடுவைகளை நான் வச்ச இடத்தை மனசுல குறிச்சுக்கிட்டுத்தான் குளிக்கப் போனேன். இவ இடம் மாத்துவாங்கறது எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருஷமா மூக்கு பார்த்துக்கிச்சு, கண்ணு பார்க்கலை."

"மத்த மூணும் சரியா இருந்துதே?" என்றார் டாக்டரம்மா.

"மூணாவதும் அஞ்சாவதும் மட்டும் இடம் மாறியிருந்தது போல. அதிர்ஷ்டம்." சிரிக்க முயன்றார். வரவில்லை. "நீங்க புதுசுன்னு சொன்ன நிமிஷமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. சமையலறைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லியிருக்கலாம். போகலை. செத்துப்போன மனுஷன்தானே, அவருக்கு என்ன குறையப்போகுதுன்னு…"

"அப்ப என் சமையல்?" மனைவியின் குரல் மிகச் சின்னதாக வந்தது. "நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?"

அந்த அம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

வக்கீல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "கேப்டன், அன்னிக்கு உங்கப்பாவைப் பத்தி நான் பேசினது…"

"உக்காருய்யா," என்றார் கேப்டன். குரலில் கோபம் இல்லை. வக்கீல் பக்கம் திரும்பவுமில்லை. "அப்ப எங்கப்பா தொடவே இல்லை?"

"தொடவே இல்லை," என்றார் நிதானம்.

கேப்டன் இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் ஒருமுறை குலுங்கி நின்றன. பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி நடந்து மூக்கரிடம் போனார். ஃப்ளாஷ் பயந்துபோய் அரை எழும்பினான். நிதானம் அவன் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கேப்டன் சிநேகிதரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது போனது போகட்டும்டா. அதைத் திறந்தப்போ பக்கத்துல நின்னவன் நீ ஒருத்தன்தான். உலகத்துலயே நீ ஒருத்தன்தான். எப்படி இருந்துச்சு? ஒரே ஒரு வார்த்தை சொல்லு. எங்கப்பா எதைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாரு?"

மூக்கர் வாயைத் திறந்தார். அவருக்கு எல்லாச் சொற்களும் தெரியும். அத்தி, வாதுமை, மரப்பெட்டி, ஈர மண், புகையிலை. அந்த வயது ஒயினுக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் கேப்டன் நம்பியிருப்பார். சாகும்வரை நெஞ்சில் வைத்திருந்திருப்பார்.

"தெரியலைடா," என்றார் மூக்கர். கண்கள் நிறைந்து வழிந்தன. "பாட்டில் வாய்ல மூக்கை வச்சு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியலைடா."

கேப்டன் அந்தக் காலி பாட்டிலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் ஓடிப்போய் அந்தப் பேரிக்காயை வழிச்சுத் தின்னிருப்போமேடா."